செம்மறி முதுகிலிருந்து நூல் சிட்டம் வரை: சிறு மந்தை வைத்திருப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

பத்து இருபது செம்மறி வைத்திருப்பவர்கள் தங்கள் ஆட்டின் கம்பளியைத் தாங்களே நூலாக்கி விற்க நினைத்தால், பெரும்பாலும் முதலில் வாங்குவது ராட்டை. உண்மையில் அது கடைசியில் வர வேண்டிய பொருள். ஆட்டின் கழுத்தில் ஒட்டியிருக்கும் ஒரு வைக்கோல் துண்டை விரலால் எடுக்க ஒரு நொடி போதும். அதே துண்டு அலசலைத் தாண்டிப் பன்னும் (இழைகளை வாரிப் பிரிக்கும்) சீப்புக்குள் போய்விட்டால் ஐம்பது துணுக்காக உடைந்து இழைக்குள் புகுந்துவிடும். அப்புறம் அதை யாராலும் எடுக்க முடியாது. இந்த வேலையில் வரிசை முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் ஆண்டில் எல்லா ஆட்டின் கம்பளியையும் நூலாக்கப் பார்க்க வேண்டாம். நல்ல ரோமம் உள்ள மூன்று ஆடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் கடைசிப் படி வரை கொண்டுபோங்கள். மற்றதைக் கச்சாவாக விற்கலாம், அல்லது பத்திரமாக எடுத்து வைக்கலாம்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கத்தரிக்கும் நாளுக்கு: கூரான கத்தரி அல்லது இயந்திரம், பெருக்கிச் சுத்தமாக்கக்கூடிய பலகைத் தளம் அல்லது கெட்டியான தார்ப்பாய், துடைப்பம், தராசு, துணிச் சாக்குகள் அல்லது பெரிய காகிதப் பைகள், காயத்துக்குப் போட மருந்து. இவற்றோடு, கம்பிவலையோ இடைவெளி விட்ட சட்டங்களோ பதித்த இடுப்புயர மேசை ஒன்று. பழைய கதவுச் சட்டத்தில் வலை அடித்தாலும் போதும். வெட்டுத் துண்டும் மண்ணும் தானாகக் கீழே விழ வேண்டும், அதற்குத்தான் வலை.

அலசலுக்கு: இரண்டு பெரிய தொட்டிகள், வெப்பமானி, வலைப்பைகள், நீளக் கையுறை, காற்றோட்டமான உலர்த்தும் தட்டுகள். வெப்பமானியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நான் பார்த்தவரை, வீணாய்ப்போன கம்பளியில் பாதி அது இல்லாததால் வீணாய்ப்போனதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வோர் ஆட்டின் காது எண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

1. மூன்று மாதம் முன்பே: பட்டியைக் கவனியுங்கள்

கம்பளி அழுக்காவது வெளியில் மேயும்போது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பெரிய எதிரி தீவனத் தொட்டி. வைக்கோல் தட்டு ஆட்டின் தலைக்கு மேலே இருந்தால், அது இழுத்துத் தின்னும்போது தூசும் விதையும் கழுத்திலும் தோளிலும் கொட்டும். உடம்பிலேயே நல்ல கம்பளி விளைவது தோளில்தான். தட்டைத் தோளுயரத்துக்குக் கீழே இறக்குங்கள். ஆடுகளின் தலைக்கு மேலாகத் தீவனத்தைத் தூக்கிப் போடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

படுக்கைக்கு மரத்தூள் வேண்டாம். அது ரோமத்தின் அடிவரை இறங்கிவிடும், எந்த அலசலிலும் முழுதாகப் போகாது. நறுக்காத நீள வைக்கோல் பரவாயில்லை.

பிளாஸ்டிக் கயிறும் கிழிந்த பிளாஸ்டிக் சாக்கும் பட்டிக்குள் வரவே கூடாது. அவற்றின் நார் கம்பளியோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, சாயத் தொட்டியில் போட்ட பிறகுதான் தெரியும். கம்பளி நிறம் ஏறும், அது மட்டும் வெள்ளையாகவே நிற்கும்.

அடையாளத்துக்கு முதுகில் பெயின்ட் பூச வேண்டாம், காது வில்லை போதும். வண்ணம் தவிர்க்கவே முடியாது என்றால் நெற்றியிலோ காலிலோ வையுங்கள்.

உண்ணி மருந்து கொடுத்தால் அதன் லேபிளில், கத்தரிப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று இருக்கும். அதை அப்படியே கடைப்பிடியுங்கள். மருந்து ரோமத்தின் எண்ணெய்ப்பசையில் தங்கும். அங்கிருந்து வெட்டுபவர் கைக்கும், பிறகு அலசல் தண்ணீருக்கும் வரும்.

இன்னொன்று, ஆட்டின் உடம்பு. ஒரு வாரம் காய்ச்சலாகக் கிடந்தாலோ, தீவனம் திடீரென்று குறைந்தாலோ, அந்த நாட்களில் வளர்ந்த இழை மெலிந்துபோகும். ஓர் ஆண்டு இழையில் அந்த ஒரு வாரம் ஒரு பலவீனமான புள்ளியாக நின்றுவிடும், நூற்கும்போது சரியாக அங்கே அறுபடும். கத்தரித்த பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

2. இரண்டு வாரம் முன்பு: இந்த ரோமம் எதற்கு ஆகும் என்று முடிவு செய்யுங்கள்

வெட்டிய பிறகு யோசித்தால் தாமதம். தோள், விலா, பின்தொடை ஆகிய மூன்று இடங்களில் ரோமத்தை விலக்கிப் பாருங்கள். தோளில் மென்மையாகவும் பின்தொடையில் முரடாகவும் இருப்பது எல்லாச் செம்மறிக்கும் பொது. வித்தியாசம் எவ்வளவு என்பதே கேள்வி. விலாவிலிருந்து பென்சில் பருமனில் ஒரு கற்றை வெட்டிக்கொண்டு மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலில் நீளம். 7 முதல் 15 செ.மீ. வரை இருந்தால் நூற்க வசதி. 5 செ.மீ.க்குக் குறைந்தால் நூலுக்குப் போராட வேண்டாம், தலையணை அடைப்புக்கும் அழுத்துக் கம்பளிக்கும் அது நல்ல பொருள்.

அடுத்தது உறுதி. கற்றையின் இரு முனைகளையும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். வீணைத் தந்தியைத் தட்டியதுபோல் தெளிவாக ஒலித்தால் இழை உறுதி. சுள்ளி முறிவதுபோல் சடசடத்தாலோ நடுவில் அறுந்தாலோ, மேலே சொன்ன பலவீனப் புள்ளி அதில் இருக்கிறது. அதை நூலாக்காதீர்கள். பின்னிய சட்டை சில நாளிலேயே பந்து பந்தாய் உருளும், வாங்கியவர் உங்களிடம் திரும்ப வர மாட்டார்.

மூன்றாவது மென்மை. கற்றையைக் கழுத்தில் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை ஏமாற்றும், கழுத்து ஏமாற்றாது. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் தோலில் குத்தத் தொடங்கும். மெரினோ இன ஆட்டு இழை பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரான் வரை இருப்பதால் குத்துவதில்லை. ரோம்னி போன்ற நீள ரோம இனங்கள் 30ஐத் தாண்டும்.

கற்றைக்குள் சுண்ணாம்பு வெள்ளையாக, வளைத்தால் ஒடிகிற முரட்டு முடிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அவை சாயம் ஏற்காது, குத்தவும் செய்யும். அவை நிறைய இருந்தால் உங்கள் பொருள் விரிப்பு, கயிறு, பை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நல்ல விரிப்புக்கு மிதிபட்டாலும் தாங்குகிற இழை வேண்டும், மெல்லிய மெரினோ அந்த வேலைக்கு ஆகாது. தவறு எங்கே நடக்கிறதென்றால், விரிப்புக்கான ரோமத்தைக் கழுத்துத் துண்டுக்கான நூலாக்கி விற்பதில்.

3. கத்தரிக்கும் நாள்

ஆடு உலர்ந்திருக்க வேண்டும். மழையோ பனியோ பட்டிருந்தால் அன்று வேலை இல்லை, நாளைத் தள்ளிப்போடுங்கள். ஈர ரோமத்தைச் சாக்கில் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், மஞ்சள் கறை நிரந்தரமாகும். முந்தைய இரவே ஆடுகளைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

அந்த இரவு தீவனமும் வேண்டாம். வயிறு நிறைந்த ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைத்தால் அதற்கு மூச்சுத் திணறும், அடங்காமல் துள்ளும், தளமெல்லாம் சாணமாகும். ஆனால் நிறைசினை ஆட்டை நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது, அதன் உயிருக்கே ஆபத்து. ஈனுவதற்குச் சில வாரங்களே இருந்தால் அந்த ஆட்டை விட்டுவிட்டு, குட்டி போட்டுத் தேறிய பிறகு வெட்டுங்கள்.

வெள்ளை ஆடுகளை முதலில், கறுப்பும் பழுப்பும் கடைசியில். வெள்ளையில் விழுந்த நாலு கறுப்பு முடி நூலில் பளிச்சென்று தெரியும். கறுப்பில் விழுந்த வெள்ளை அவ்வளவாக உறுத்தாது. ஒவ்வோர் ஆட்டுக்கும் நடுவே தளத்தைப் பெருக்குங்கள்.

வயிற்று ரோமத்தை முதலில் வெட்டித் தனியே போடுங்கள். அது குட்டையாகவும் அழுக்காகவும் இருக்கும், மற்றதோடு கலக்கக் கூடாது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே இடத்தை இரண்டு முறை வெட்டுவது. முதல் வெட்டு மேடாக நின்றுவிட்டால், அதைச் சமன் செய்யக் கத்தரி மறுபடி அங்கே போகும். அப்போது அரை அங்குலத் துணுக்குகள் விழுந்து ரோமத்தோடு கலக்கும். நூலில் குருணை குருணையாய் நிற்பவை இந்தத் துணுக்குகள்தான். மேடு நிற்கட்டும், விடுங்கள். ஆட்டின் முதுகு அழகாயிருக்க வேண்டியதில்லை, இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும்.

காயம் படாமலிருக்க, கத்தரி போகும் இடத்துக்கு முன்னால் மற்றக் கையால் தோலை இழுத்து விறைப்பாக வைத்திருங்கள். சுருங்கிய தோலில்தான் வெட்டு விழும். மடிக்காம்பையும் கிடாவின் குறியையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெட்டுங்கள். வெட்டுப்பட்டால் உடனே மருந்து போடுங்கள், ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

உங்கள் ஆடு பயப்படுகிறது என்றால், அல்லது உங்கள் இடுப்பு தாங்கவில்லை என்றால், அனுபவமுள்ள வெட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். நூலுக்காக வெட்டுகிறோம், இரட்டை வெட்டு கூடாது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேகத்துக்கேற்பக் கூலி வாங்குபவர் என்றால், மெதுவாகச் செய்வதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.

வெட்டிய ஆட்டுக்குக் குளிரும் வெயிலும் உறைக்கும். முதல் இரண்டு வாரம் நிழலும் மழைக்கு ஒதுங்க இடமும் கொடுங்கள், தீவனத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

4. அதே நாளில்: ஓரம் கழித்துத் தரம் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நீங்கள் சரியாகச் செய்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

நன்றாக வெட்டிய ரோமம் ஒரே போர்வையாகக் கழன்று வரும். அதை இரு கைகளாலும் அள்ளி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் வீசி விரியுங்கள். முதலில் லேசாக உதறுங்கள், துணுக்குகள் வலை வழியே விழும். பிறகு விளிம்பைச் சுற்றி வாருங்கள். பிழுக்கை ஒட்டிய கொத்துகள், மூத்திரக் கறை, கால் முடி, தலை முடி, விதை மண்டிய கழுத்துப் பகுதி எல்லாவற்றையும் பிய்த்தெடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கையாலேயே பிய்யுங்கள். கத்தரித்தால் அங்கே மறுபடி குட்டை இழை உண்டாகும்.

எவ்வளவு கழிப்பது? புதியவர்கள் எல்லோரும் குறைவாகவே கழிக்கிறார்கள். ஆண்டு முழுக்க வளர்த்ததைக் கீழே போட மனம் வராது, எனக்கும் வந்ததில்லை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் பயப்பட வேண்டாம். அந்தப் பங்கையும் வைத்துக்கொண்டால், அதற்கும் சேர்த்துத் தண்ணீர் சூடாக்குவீர்கள், உலர்த்துவீர்கள், ஆலைக்குப் போனால் அதற்கும் கூலி கொடுப்பீர்கள். கடைசியில் நூலில் அது குறையாகத்தான் வந்து நிற்கும்.

கையில் வரும் ஒரு கொத்தைப் பார்த்து, 'இதை வைக்கலாமா' என்று இரண்டாவது முறை கேட்டுக்கொண்டால் அதைக் கழித்துவிடுங்கள்.

ஓரம் முடிந்த பிறகு நடுப்பகுதியைப் பிரியுங்கள். தோளும் விலாவும் ஒரு குவியல், முதுகும் இடுப்பும் ஒரு குவியல், தொடை ஒரு குவியல். முதுகில் மழையும் வெயிலும் பட்டு நுனி வெளுத்து ஒடிந்திருக்கும். நுனியை இழுத்தால் கையோடு வந்தால், அந்தக் குவியலை நூலுக்குச் சேர்க்காதீர்கள். சிறு மந்தையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால்தான் எடை சேரும் என்று தோன்றும். கலந்தால் மென்மையானதுக்கும் முரட்டுத்தனம் வரும், முரடானது அதனால் மென்மையாகிவிடாது.

ஒவ்வொரு குவியலையும் எடை போட்டுச் சாக்கில் ஆட்டு எண், தேதி, பகுதி மூன்றையும் எழுதிய சீட்டு ஒன்றை உள்ளே போடுங்கள், ஒன்றை வெளியே கட்டுங்கள். வெளிச்சீட்டு எப்படியும் கிழியும்.

வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கச்சா ரோமத்தில் மண்ணும் சாணமும் இருக்கின்றன. கம்பளி பிரிப்பவர்களை அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் தாக்கியதால் அதற்கு 'கம்பளி பிரிப்போர் நோய்' என்றே ஒரு காலத்தில் பெயர் இருந்தது. தடுப்பூசி போடாத ஆட்டின், எங்கிருந்து வந்ததென்று தெரியாத ரோமத்தைத் தொடாதீர்கள். நோயில் செத்த ஆட்டின் ரோமத்தை வெட்டவே கூடாது. தூசு பறக்கும் வேலைக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

5. சேமித்து வைத்தல்

கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். அதனால்தான் இறுக மூடிய பிளாஸ்டிக் பை கூடாது என்கிறோம். காற்றுப் போகிற துணிச் சாக்கு, தரையைத் தொடாத பலகை, வெளிச்சம் படும் அறை போதும்.

அந்துப்பூச்சிக்குப் பிடித்தது இருட்டும் அழுக்கும் யாரும் கலைக்காத மூலையும். பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. ஆகவே ஒரு பூச்சி பறப்பதைப் பார்த்தால் முட்டை ஏற்கெனவே இட்டாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை சாக்குகளைத் திறந்து கிளறுங்கள். சந்தேகமான சாக்கைப் பையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பையைப் பிரியுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த கம்பளிமேல் ஈரம் படியும். அந்துருண்டை போடாதீர்கள். அந்த வாசனை நூல் வரைக்கும் தொடரும், வாங்குபவர் முகம் சுளிப்பார்.

கச்சா ரோமத்தை ஓர் ஆண்டுக்கு மேல் வைக்க வேண்டாம். எண்ணெய்ப்பசை கெட்டியாகிவிட்டால் அலசுவது கடினம்.

6. அலசல்

ரோமத்தில் மூன்று வகை அழுக்கு இருக்கிறது: மண், வியர்வை உப்பு, எண்ணெய்ப்பசை. முதல் இரண்டும் குளிர்ந்த தண்ணீரிலேயே போகும். எண்ணெய்ப்பசை ஏறக்குறைய 40 டிகிரியில்தான் உருகும், சோப்புக் கரைசலோடு நல்ல சூடும் இருந்தால்தான் கழன்று வரும். ஆகவே படிகளும் அதே வரிசையில்.

முதல் நாள் மாலை, வலைப்பைகளில் ரோமத்தைத் தளர்வாக நிரப்பிக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கும். வடித்துவிடுங்கள்.

அடுத்து, தொட்டியில் 60 டிகிரி சூட்டில் தண்ணீர். ஒரு கிலோ ரோமத்துக்கு 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. நுரை அதிகம் வராத திரவச் சலவைப் பொருளை, தண்ணீர் விரலில் வழுக்கும் வரை கலந்துகொள்ளுங்கள். கட்டிச் சோப்பு வேண்டாம், உப்புத் தண்ணீரில் அது திரிந்து கம்பளியில் பிசினாய் ஒட்டும். சலவைச் சோடாவும் வெளுப்புக் காரமும் கூடவே கூடாது. காரம் கம்பளியைப் பலவீனப்படுத்தும், குளோரின் வெளுப்பானோ அதைக் கரைத்தே விடும்.

பையைத் தண்ணீர்மேல் வைத்து மெதுவாக அமுக்கி மூழ்கவிடுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். கசக்கக் கூடாது, கலக்கக் கூடாது, மேலே குழாயைத் திறந்துவிடக் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அமைப்பு இருக்கிறது. சூடும் சோப்பும் அசைவும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மொத்தமும் சடை பிடித்துவிடும். பிடித்த சடையைப் பிரிக்க முடியாது.

பதினைந்து முதல் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே போவதற்குள் பையைத் தூக்கிவிடுங்கள். ஆறவிட்டால் கழன்ற எண்ணெய்ப்பசை திரும்பவும் இழைமேலே படியும், முதல் முறையைவிடப் பிடிவாதமாக. 'எவ்வளவு அலசினாலும் பிசுபிசுப்பு போகவில்லை' என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, தொட்டியை விட்டு எவ்வளவு நேரம் நகர்ந்திருந்தீர்கள் என்பதுதான்.

இதே சூட்டில், பாதி சலவைப் பொருளோடு இன்னொரு முறை. பிறகு அதே சூட்டில் வெறும் தண்ணீரில் இரண்டு அலசல். சூட்டிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குச் சட்டென்று மாற்றினாலும் சடை விழும் என்பதால்தான் கடைசி வரை சூட்டைக் காப்பாற்றச் சொல்கிறேன். மெரினோ போன்ற பசை மிகுந்த ரோமத்துக்கு மூன்றாவது சலவையும் தேவைப்படலாம்.

பிழிய வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் விடாமல் சுழற்சி மட்டும் கொடுத்து நீரை எடுக்கலாம். பிறகு நிழலில், தட்டில் பரப்பிக் காய வையுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்த பிறகும் இன்னும் ஒரு நாள் விடுங்கள், ஈரத்தைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

அலசிய தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். உண்ணி மருந்தின் மிச்சம் இருந்தால் மீன் செத்துப்போகும். மருந்து படாத ரோமத்தின் முதல் ஊறல் தண்ணீரில் பொட்டாசியம் இருக்கிறது, அதைத் தரிசில் பரவலாக ஊற்றலாம்.

7. ஆலைக்கா, கையாலா?

இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஆட்டில் 25 கிலோ வெட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரம் கழித்ததில் 5 கிலோ போனால் மிச்சம் 20. அலசலில் மூன்றில் ஒரு பங்கு எடை போனால் ஏறத்தாழ 13. பன்னுவதிலும் நூற்பதிலும் இன்னும் 2 கிலோ குறைந்தால் 11 கிலோ நூல். அதாவது 100 கிராம் சிட்டங்கள் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டுகள்) 110. வெட்டிய எடையை வைத்துக் கனவு காண்பவர்கள் இங்கேதான் திகைத்துப்போகிறார்கள்.

100 கிராம் இருபுரி நூலை ராட்டையில் நூற்று முறுக்க எனக்கு 6 மணி நேரம் ஆகும். 110 சிட்டம் என்றால் 660 மணி நேரம். ஆட்டையும் பார்த்துக்கொண்டு ஒருவரால் இது முடியாது. நல்ல ரோமத்தில் கொஞ்சத்தைக் கைநூற்பாக வைத்துக்கொண்டு மற்றதைச் சிறு ஆலைக்கு அனுப்புவது என் வழக்கம்.

அனுப்பும் முன் ஆலையிடம் கேட்க வேண்டியவை: குறைந்தபட்ச எடை எவ்வளவு, இழை நீளம் எதிலிருந்து எது வரை எடுப்பார்கள், கூலி உள்ளே வரும் எடைக்கா வெளியே போகும் நூலுக்கா, எத்தனை மாதம் ஆகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்கள் கம்பளியைத் தனியே ஓட்டுவார்களா, பிறருடையதோடு கலப்பார்களா என்பது. கலந்தால் 'எங்கள் மந்தையின் நூல்' என்று நீங்கள் எழுத முடியாது. இந்தக் கேள்வியை நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். திரும்பி வந்த நூல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது எங்கள் ஆடுகளுடையது அல்ல. அந்த ஆண்டு அந்த நூலை விற்கவே இல்லை.

8. பன்னுதல்

கையால் செய்வதானால், அலசிய கற்றையை முதலில் விரலால் கோதித் திறந்துவிடுங்கள். மிச்சமிருக்கும் விதையும் தூசும் இங்கேயே உதிரும். கோதாமல் நேரே பன்னும் சீப்பில் இழுத்தால் இழை அறுந்து குருணை உண்டாகும்.

குட்டை இழை என்றால் பல்லட்டையில் (கம்பிப் பற்கள் பதித்த கைப்பலகை) பன்னிப் பஞ்சுச் சுருளாக்குங்கள். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் காற்றைப் பிடித்துவைக்கும், நூல் பொதபொதவென்று சூடாக இருக்கும். நீள இழை என்றால் நீளப் பல் சீப்பில் வாரி, எல்லா இழையும் ஒரே திசையில் படுத்த பட்டையாக்குங்கள். நூல் வழவழப்பாக, தேய்மானம் தாங்குவதாக வரும்.

ஒரே நேரத்தில் நிறையக் கம்பளியைப் பல்லட்டையில் ஏற்றாதீர்கள். பல் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் போடுங்கள். மின்சாரம் பிடித்ததுபோல் இழை பறந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

9. நூற்றலும் முறுக்கலும்

முழுவதையும் நூற்கத் தொடங்கும் முன் 10 கிராமை மட்டும் எடுத்து நூற்று, முறுக்கி, அலசி, ஒரு சிறு சதுரம் பின்னிப் பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அரைக் கிலோ நூற்ற பிறகு, நூல் கயிறுபோல் இருக்கிறதே என்று வருந்துவார்கள்.

முறுக்கு குறைந்தால் நூல் பிரிந்து உருளும், கூடினால் விறைக்கும். மென்மையான குட்டை இழைக்கு முறுக்கு அதிகம் தேவை, நீளமான முரட்டு இழைக்குக் குறைவு போதும். குட்டை இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முறுக்கைத் தவிர வேறு துணை இல்லை என்பதே காரணம்.

கைகளுக்கு நடுவே உள்ள தூரம் இழையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். தூரம் குறைந்தால் ஒரே இழையின் இரு முனைகளையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுப்பீர்கள், அது நகராது. பட்டை வரவில்லை என்று திணறுபவர்களில் பெரும்பாலோருக்குக் கையைச் சற்று விலக்கினாலே சரியாகிவிடுகிறது.

ஒற்றைப் புரியை ஒரு திசையில் நூற்றால், இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கும்போது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். எதிர் முறுக்கு ஒன்றையொன்று சமன் செய்யும். முறுக்கிய நூலை ஒரு முழம் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுருண்டுகொள்ளாமல் நின்றால் சரி.

10. சிட்டம் போட்டு முடித்தல்

நூலைச் சிட்டமாகச் சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். நூலை இரண்டாகப் பிரித்து எட்டு வடிவில் கட்டினால் அலசும்போது சிக்காகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துவாலையில் சுற்றி அமுக்கி, கம்பில் தொங்கவிடுங்கள். கீழே பாரம் கட்டாதீர்கள். பாரம் கட்டினால் நூல் நீண்டு உலரும், வாங்கியவர் பின்னித் துவைத்த அன்று சுருங்கும்.

நீளத்தை இதற்குப் பிறகே அளவிடுங்கள். ஊறிய நூல் சற்றுச் சுருங்கும் என்பதால் முன்பு எடுத்த அளவு பொய்யாகிவிடும். எடையும் அப்படித்தான். மழை நாளில் போட்ட 100 கிராம் வெயில் நாளில் 100 கிராமாக இருக்காது. காய்ந்த நாளில் எடை போடுங்கள், வாங்குபவருக்கு நட்டம் வராது.

11. சீட்டும் விலையும்

ஒவ்வொரு சிட்டத்திலும் எழுத வேண்டியவை: எடை, மீட்டர், எத்தனை புரி, ஆட்டின் இனம், வெட்டிய ஆண்டு, இயற்கை நிறமா சாயமா, துவைக்கும் முறை, தொகுதி எண். தொகுதி எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரே ஆட்டின் வெள்ளைகூட ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஸ்வெட்டர் பின்னுபவர் பாதியில் இன்னொரு சிட்டம் கேட்பார், அப்போது இந்த எண்தான் உதவும்.

கழுத்தில் குத்துமா குத்தாதா என்பதையும் எழுதுங்கள். 'மேலங்கிக்கு ஏற்றது, தோலில் நேரடியாகப் படக் கூடாது' என்று உண்மையைச் சொன்ன நூலை யாரும் என்னிடம் திருப்பித் தந்ததில்லை.

விலைக்குத் தீவனத்தில் ஒரு பங்கு, வெட்டுக்கூலி, அலசலின் விறகு அல்லது மின்சாரம், ஆலைக்கூலி, பொட்டலம், உங்கள் மணி நேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வந்த மொத்தத் தொகையை, ஓரம் கழித்த பின் இருந்த கச்சா எடையால் அல்ல, முடிந்த நூலின் எடையால் வகுங்கள். ஆலை நூலின் விலையை அருகில் வைத்துப் பார்த்து உங்கள் விலையைக் குறைக்க வேண்டாம். இரண்டும் வேறு பொருள்கள், வாங்குபவர்களும் வேறு.

எல்லாவற்றையும் நூலாகவே விற்க வேண்டும் என்றும் இல்லை. கையால் நூற்பவர்கள் நன்றாகக் கழித்த கச்சா ரோமத்தையே தேடி வாங்குவார்கள். அலசல் முதல் சிட்டம் வரையான வேலை உங்களுக்கு மிச்சமாகும்.

12. கழித்ததை என்ன செய்வது

சாணம் ஒட்டியதும் குட்டையானதும் கழிவு அல்ல. கம்பளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன், அது மண்ணில் மெதுவாகவே மக்கும். மரத்தைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி மேலே இலை போட்டு மூடுங்கள். ஈரத்தையும் பிடித்துவைக்கும், களையையும் அடக்கும். மூடாமல் விட்டால் பறவைகள் கூட்டுக்கு எடுத்துப்போகும். சிறு கொத்துகளைத் தொட்டிச் செடியின் அடியிலும் போடலாம்.

இது முடிந்ததும் நோட்டை எடுத்து ஒவ்வோர் ஆட்டின் பக்கத்திலும் வெட்டிய எடை, கழித்தது, அலசிய எடை, இழை நீளம், நூல் எப்படி வந்தது என்பதை எழுதிவையுங்கள். அடுத்த கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பக்கங்களை முதலில் திறந்து பாருங்கள்.